ஒரு தடவைதான் கேட்பார்கள்

அக்டோபர் 14, திங்கள்

அறையைக் காலி செய்ய இன்னும் பதினேழு நாள்.

அறைக்கு உரியவள் ஒரு ஜெர்மன் மாணவி. ஆறு மாதம் வெளிநாடு போயிருந்தவள் நவம்பர் முதல் தேதி திரும்புகிறாள். அதனால் 31ஆம் தேதி நான் பெட்டியோடு வெளியே நிற்க வேண்டும். அன்றைக்குத் தீபாவளி வேறு. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நேராக வீதிக்கு வரலாம்.

பதினாலு வீட்டுக்காரர்களுக்கு எழுதியாயிற்று. இரண்டு பேர் இல்லை என்று பதில் போட்டார்கள். மற்ற பன்னிரண்டு பேர் அதைக்கூடச் சொல்லவில்லை. இந்த நோட்டை இன்று எடுத்ததற்குக் காரணமும் அதுதான். தமிழில் எழுதினால்தான் எனக்குத் திட்ட வருகிறது.

நீனோ எதிர் அறைக்காரி, ஜார்ஜியா நாட்டுப் பெண். நான் இந்த ரோஸ்டாக் நகரத்துக்கு வந்த முதல் வாரம், அடித்தளத்தில் இருக்கும் துணி துவைக்கும் மிஷினில் எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தவள். அவளும் இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறாள். மூன்று வாரத்துக்கு முன்னால் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வீடு பாக்கலாமா?" என்று கேட்டாள். (அவள் பேசுவது ஆங்கிலம். எழுதும்போது எல்லாரும் என் தமிழில்தான் பேசுகிறார்கள்.) எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "ஐயோ வேண்டாம், என்னால உனக்கு எதுக்குச் சிரமம்? நீ உனக்குத் தோதா ஒண்ணு பாத்துக்கோ" என்றேன்.

"ஓ. சரி" என்றாள். வெங்காயத்தை நறுக்கி முடித்தாள். அதோடு சரி, இன்றுவரை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மனசாரக் கேட்டிருந்தால் இன்னொரு தடவை கேட்டிருக்க மாட்டாளா?

வெள்ளி முதல் ஞாயிறு வரை வெளிநாட்டு மாணவர்களுக்குக் கடற்கரைச் சுற்றுலா. நீனோ பெயர் கொடுத்ததைப் பார்த்துவிட்டு நானும் கொடுத்திருக்கிறேன். மூன்று நாள் கூடவே இருக்கும்போது கேட்காமலா போய்விடுவாள்? இந்தத் தடவை சரி என்று சொல்லிவிடுவேன். அதுவும் இல்லையென்றால் படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். அதற்கான படிவத்தை இறக்கி வைத்திருக்கிறேன், சும்மா பார்ப்பதற்காக.

அக்டோபர் 15, செவ்வாய்

துணி துவைத்தேன். வகுப்பு இல்லை. இன்று வாயைத் திறந்து பேசியது ஒரே ஒரு வார்த்தை, கடைக்காரரிடம், நன்றி.

அக்டோபர் 16, புதன்

கோவில்பட்டியிலிருந்து ஒரு அக்கா ஹாம்பர்க் வந்திருக்கிறார். அவரிடம் அம்மா கொடுத்துவிட்ட கடலைமிட்டாய்ப் பெட்டி இன்று தபாலில் வந்து சேர்ந்தது. வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஏட்டி, பூராத்தையும் நீயே தின்னுராத. கூட வார புள்ளைகளுக்குக் குடு. அந்த நீனோப் புள்ள வருதுல்ல?"

"வாராம்மா."

"மொதல்ல வேண்டாம்னுதான் சொல்லுங்க. கூச்சப்படும். அப்படியே விட்ராத. கையில வச்சு அமுக்கிரு."

"சரிம்மா."

"நீ சாப்ட்டியா? முகம் என்ன இப்படி ஒட்டிப்போயிக் கெடக்கு?"

விளக்கு வெளிச்சம் அப்படி என்றேன். அறை விஷயம் கேட்டாள். நீனோவும் நானும் சேர்ந்து பார்ப்பதாகச் சொன்னேன். பார்க்கத்தானே போகிறோம். இரண்டு நாள் முன்னால் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 18, வெள்ளி, மாலை

எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ரயில் பெட்டியில் எங்கள் கூட்டம் பதினெட்டுப் பேர். அழைத்துப்போகிறவன் யோனாஸ், பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அலுவலகத்தில் உதவிக்கு இருக்கும் ஜெர்மன் பையன். நல்லவன்தான், ஆனால் மணி பார்த்துத்தான் மூச்சே விடுவான் போல. "ஜன்னல் பக்கம் உக்காருறியா?" என்று கேட்டான். "பரவால்ல, வேண்டாம்" என்றேன். உடனே அவன் உட்கார்ந்துகொண்டான். நீனோ எனக்கு முன்வரிசையில், ஸ்பெயின்காரி லூசியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் ஒரே போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

ஸ்ட்ரால்சுண்ட் ஸ்டேஷன் தாண்டியதும் கடலைமிட்டாய்ப் பெட்டியைத் திறந்தேன். முதலில் யோனாஸ். எடுத்தான், கடித்தான், பல் உடைகிறது என்று சிரித்தான். நீனோ இரண்டு எடுத்தாள். அவள் எடுத்ததில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. லூசியாவிடம் நீட்டினேன்.

"வேண்டாம், தேங்க்ஸ்" என்றாள்.

"ஒண்ணே ஒண்ணு. எங்க ஊரு மிட்டாய்."

"இல்ல, நெஜமா வேண்டாம்."

அம்மா சொன்னது சரிதான், கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி அமுக்கினேன். எங்கள் வீட்டுக்கு வருகிற அத்தைமாருக்கெல்லாம் நான் அப்படித்தான் கொடுப்பேன்.

லூசியா வீறிட்டுக் கையை உதறினாள். எழுந்து கழிப்பறைப் பக்கம் ஓடினாள். அவளுக்கு நிலக்கடலை ஆகாதாம். தின்றால் தொண்டை அடைத்து உயிருக்கே ஆபத்தாம், பையில் எப்போதும் ஊசி வைத்திருப்பாளாம். தின்னவில்லை, தொட்டதோடு போயிற்று. கை மட்டும் சிவந்து தடித்தது. யோனாஸ் பெட்டியை என்னிடமிருந்து வாங்கி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டான். தின்றவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று கை கழுவினார்கள், நீனோவும்.

லூசியா திரும்பி வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். "கடலை ஆகாதுன்னு நீ சொல்லியிருக்கலாமே" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"வேண்டாம்னு சொன்னேனே. அது போதாதா?" என்றாள்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது.  நீனோ என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இனிமேல் யாரிடமும் எதையும் இரண்டாம் தடவை கேட்கப்போவதில்லை. சத்தியம்.

ரூகன் தீவில் பின்ஸ் என்கிற ஊரில் தங்கல். அறைக்கு இரண்டு பேர். நீனோவும் லூசியாவும் ஒரு அறை. எனக்கு வாய்த்தவள் மஹ்னாஸ், ஈரான்காரி, ஷிராஸ் ஊர். ஒல்லி, கண்ணாடி, எதற்கெடுத்தாலும் ஒரு சின்னச் சிரிப்பு. வகுப்பில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. அறையில் ஒரு கட்டில் ஹீட்டர் பக்கம், இன்னொன்று கதவுப் பக்கம். ஹீட்டர் பக்கம் வேண்டுமா என்று கேட்டேன். "இல்ல இல்ல, நீ எடுத்துக்கோ" என்றாள். வேண்டாமென்றால் வேண்டாம். நான்தான் பாடம் படித்துவிட்டேனே. எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 19, சனி, மதியம்

காலையில் சுண்ணாம்புப் பாறைகளைப் பார்க்கப் போனோம். காட்டுக்குள் நடந்து வெளியே வந்தால் வெள்ளை வெளேரென்று செங்குத்தாக நிற்கின்றன, கீழே கடல். இந்தப் பால்டிக் கடலில் அலையும் பேருக்குத்தான், உப்பும் பேருக்குத்தான். விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன். ரசத்தில் உப்புப் போட மறந்தது போல இருந்தது.

திரும்பி வந்ததும் யோனாஸ், "காபி குடிக்கப் போறோம், வாறியா?" என்றான். "வேண்டாம், நீங்க போயிட்டு வாங்க" என்றேன். போய்விட்டார்கள். பதினாறு பேரும் போனார்கள். ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நேற்று நடந்ததற்கு ஒதுக்கி வைக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

கடற்கரையில் பிரம்புக் கூடை போலப் பின்னிய நாற்காலிகள் வரிசையாக இருக்கின்றன, மேலே கூரையோடு. காற்றுக்கு அடக்கமாக இருக்கும். ஒவ்வொன்றும் இரண்டு பேர் உட்காருகிற அளவு. ஒன்றில் நான் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொண்டேன்.

மஹ்னாஸும் காபிக்குப் போகவில்லை. கொஞ்ச தூரத்தில், தண்ணீர் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். பையை நகர்த்தி, "உக்காருறியா?" என்று கூப்பிட்டுக் கேட்டேன். "இல்ல, நன்றி, நான் நல்லா இருக்கேன்" என்றாள். ஒரு மணி நேரம் அந்தக் குளிர்காற்றில் நின்றுகொண்டே இருந்தாள். மெல்லிய சட்டை, கைகளைக் கக்கத்தில் செருகியிருந்தாள். என் பக்கத்தில் உட்கார அவ்வளவு கசக்கிறது போல. திமிர் பிடித்தவள்.

அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். காலையில் எல்லாரும் பாறை பக்கம் நடந்து போகும்போது பின்னால் நின்று எடுத்தது. "நீ எங்கட்டி?" என்று கேட்டாள். நான்தானே எடுக்கிறேன் என்று பதில் போட்டேன்.

அதே நாள், மாலை ஆறு மணி

நீனோவிடம் பேசிவிட்டேன். எழுதியே ஆக வேண்டும், இல்லையென்றால் நாளை எனக்குச் சாதகமாக மாற்றி யோசிப்பேன்.

கடலுக்குள் நீட்டிக் கட்டிய மரப்பாலத்தின் கடைசியில் தனியாக நின்றிருந்தாள். நானாகத்தான் பக்கத்தில் போனேன். லூசியாவின் கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சரியாகிவிட்டது என்றாள். அப்புறம் அவளாகவே, "நானும் லூசியாவும் வீடு எடுத்துட்டோம். வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டாச்சு" என்றாள்.



"என்னைக் கேக்கவே இல்லையே" என்றேன்.

"உன்னைத்தான் மொதல்ல கேட்டேன். சமையலறையில. நீ வேண்டாம்னு சொன்ன."

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"பேச்சுக்குன்னா?"

எப்படிச் சொல்வது? நீ கேட்பாய், நான் வேண்டாம் என்பேன், நீ மறுபடி கேட்பாய், நான் இழுப்பேன், நீ கையைப் பிடித்து இழுப்பாய், அப்போது நான் சரி என்பேன். கேட்டதும் சரி என்று சொன்னால், பறக்காவெட்டி என்று நினைக்க மாட்டார்களா? இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லப் பார்த்தேன். சொல்லச் சொல்ல எனக்கே கிறுக்குத்தனமாகக் கேட்டது.

நீனோ சிரிக்கவில்லை. "என் பொறந்தநாளுக்குக் கூப்பிட்டேன். சிரமப்படாதன்னு சொன்ன. நீ காய்ச்சல்ல கெடந்தப்ப சூப் வச்சுத் தரட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னுட்ட. ஒருத்தி எத்தனை தடவதான் கேப்பா? உனக்கு என்னைப் பிடிக்கலன்னு நெனச்சேன். வீட்டு விஷயத்துல நீ அப்படிச் சொன்னதும் ரூமுக்குப் போயி அழுதேன், தெரியுமா?"

தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்? நானும் அன்றைக்கு என் அறையில் அழுதுகொண்டுதான் இருந்தேன். நடுவில் ஒரு நடைவழி. அந்தச் சூப் மட்டும் வந்திருந்தால் இரண்டு கிண்ணம் குடித்திருப்பேன். அன்று முழுக்க நான் எதுவும் சாப்பிடவில்லை.

வெட்கத்தை விட்டு நேராகக் கேட்டேன். "இப்ப கேக்கேன். எனக்கு அந்த வீட்டுல எடம் இருக்கா? எனக்கு வேணும்."

"இல்ல. ரெண்டு ரூமுதான்" என்றாள். கொஞ்சம் கழித்து, "சாரி, செண்பகம்" என்றாள். என் பெயரை முழுசாகச் சரியாகச் சொல்கிற ஒரே ஆள் இங்கே அவள்தான்.

ஆறு மாதத்தில் முதன்முதலாக வாய்விட்டு ஒன்றைக் கேட்டேன். இல்லை என்று வந்தது. அவள் மேல் கோபம் வரவில்லை. என் மேல்தான் வந்தது, அதுவும் அறைக்கு வந்து சேர்ந்த பிறகு. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது மஹ்னாஸ் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "உனக்கு ஏதாவது வேணுமா?" என்று கேட்டாள். "ஒண்ணும் வேண்டாம்" என்றேன். இவ்வளவு ஆன பிறகும் வாய் அதைத்தான் சொல்கிறது.

அக்டோபர் 20, ஞாயிறு, ரயிலில்

காலை உணவு மேசையில் ஒன்று பார்த்தேன்.

எங்கள் மேசைக் கூடையில் ஒரே ஒரு ரொட்டி மிச்சம் இருந்தது. யோனாஸ் கூடையை மஹ்னாஸ் பக்கம் நீட்டி, "வேணுமா?" என்றான். "இல்ல இல்ல, நன்றி" என்றாள், அந்தச் சின்னச் சிரிப்போடு. அவன் அடுத்த மேசைக்குக் கொடுத்துவிட்டான். கூடை போகிற வழியெல்லாம் அவள் கண் கூடவே போயிற்று. பிறகு காலிக் கோப்பையைத் தூக்கி, அதில் இல்லாத தேநீரைக் குடித்தாள்.

அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். என் முகத்தை நான் பார்த்ததில்லை, ஆனால் அந்த நேரத்தில் வயிறு என்ன செய்யும் என்று தெரியும்.

ஹீட்டர் பக்கக் கட்டில். கடற்கரை நாற்காலி. நேற்று அவளைத் திமிர் பிடித்தவள் என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்காமல் விடுகிறேன், அப்படியே இருக்கட்டும். நீனோ எனக்குச் செய்ததை நான் இவளுக்கு இரண்டு நாளாகச் செய்திருக்கிறேன்.

ரயிலில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்டுக்கொண்டு உட்காரவில்லை. பேச்சுக் கொடுத்தேன். ஐந்து வாரமாக, தெரிந்தவருக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் வீட்டில் சோபாவில் படுக்கிறாளாம். அவர்கள் தூங்கப் போகும்வரை இவளும் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்கள் சாப்பிடக் கூப்பிடுவார்களா என்று கேட்டேன். "கூப்பிடுவாங்க" என்றாள். ஒரு தடவை கூப்பிடுவார்கள் என்று எனக்குப் புரிந்தது.

ஸ்ட்ரால்சுண்டில் வண்டி மாறும்போது எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பதிலே போடாத பன்னிரண்டு வீட்டுக்காரர்களில் ஒருவர். நகரத்தின் தெற்கு ஓரத்தில் இரண்டு அறை வீடு. இரண்டு பேராக வந்தால் மட்டும் தருவார்களாம், திங்கள் காலை பத்து மணிக்கு வந்து பார்க்கலாமாம். நான்கு தடவை படித்தேன். அடுத்த வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் போனை அவளிடம் நீட்டினேன்.

"நாம சேர்ந்து பாக்கலாமா?"

படித்தாள். முகம் ஒரு கணம் மலர்ந்தது, உடனே அடக்கிக்கொண்டாள். "இல்ல இல்ல. உனக்குத் தெரிஞ்சவங்க யாரையாவது கூட்டிட்டுப் போ. என்னால உனக்குச் சிரமம்."

என் வசனம், ஒரு எழுத்து மாறவில்லை. ஆனால் எதிர்வரிசையில் லூசியா தூங்கிக்கொண்டிருந்தாள், கை மடியில் கிடந்தது. வேண்டாம்னு சொன்னேனே, அது போதாதா? அவள் கேட்டது நியாயம். மஹ்னாஸ் நிஜமாகவே வேண்டாம் என்று சொல்லியிருந்தால்? என் முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் சொல்லியிருந்தால்? வெள்ளிக்கிழமை செய்த சத்தியத்துக்கு இரண்டு நாள்தான் ஆகிறது. 

"நெஜமாத்தான் கேக்கேன். வாறியா?" என்றேன்.

"நீ ரொம்ப நல்லவ. ஆனா வேண்டாம், உனக்கு எதுக்கு..."

எந்த ஊரைக் கடந்துகொண்டிருந்தோம் என்று தெரியவில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு வழிதான்.

"மஹ்னாஸ், உனக்கு உதவி பண்ணணும்னு கேக்கல. என்னால தனியா இருக்க முடியல. இப்படியே போனா 31ஆம் தேதி நான் ஊருக்குப் போயிருவேன், படிவம்கூட எடுத்து வச்சிட்டேன். எனக்கு ஆள் வேணும். உனக்கு நெஜமாப் பிடிக்கலைன்னா இப்பச் சொல்லு, இதோட விட்டுர்றேன், கோவிச்சுக்க மாட்டேன். மூணாவது தடவ கேக்கேன். வாறியா?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நெடுநேரம் துடைத்தாள். மாட்டிக்கொண்டு கேட்டாள்:

"பத்து மணின்னா எந்த ட்ராம்ல போகணும்?"

அக்டோபர் 21, திங்கள்

வீடு கிடைக்கவில்லை. எங்களுக்கு முன்னால் வந்த ஒரு கணவன் மனைவிக்குப் பேசி முடித்துவிட்டார்களாம். வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். நாளை வேறு ஒன்று பார்க்கப் போகிறோம். அது மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அதுவும் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. இன்னும் பத்து நாள் இருக்கிறது.

அம்மாவைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். நீனோ வேறு ஒருத்தியோடு போகிறாள், அறை இல்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை, இப்போது மஹ்னாஸோடு சேர்ந்து வீடு தேடுகிறேன் என்று.  அதற்கு அம்மா, "இந்தப் புள்ள பேரு என்ன சொன்ன?" என்று கேட்டாள்.

திரும்பி வரும்போது ட்ராம் நிறுத்தத்தில் மழை பிடித்துக்கொண்டது. தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு சின்னக் கடை, கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்தது. மஹ்னாஸ் அதைக் காட்டி, "சூப் குடிக்க வாறி..." என்றாள்.

"வாரேன்" என்றேன், அவள் கேட்டு முடிப்பதற்குள்.